த பிரின்சஸ் பிரைட்: திருகோணமலையில் திறந்தவெளியில் காட்டுவதென்றால் தமிழ் எழுத்தா, தமிழ்க் குரலா?

குளக்கோட்டன்

1987இல் வந்த இந்தப் படத்துக்கு இங்கே தனி இழை இல்லாதது பெரிய குறை. ராப் ரைனர் இயக்கியது. வில்லியம் கோல்ட்மன் 1973இல் எழுதிய நாவலுக்கு அவரே திரைக்கதையும் எழுதினார். ஓடும் நேரம் 98 நிமிடம். வாள்வீரன், இராட்சதன், கடற்கொள்ளைக்காரன், சூழ்ச்சிக்கார இளவரசன், கட்டாயக் கலியாணம், செத்தவனை எழுப்பும் வைத்தியக் கிழவன் என்று அம்புலிமாமாவில் வளர்ந்த யாருக்கும் இதில் அந்நியமாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதைகளைக் கிண்டலடித்துக்கொண்டே அவற்றை முழுமனதாக நம்புகிற படம் இது ஒன்றுதான். வாள்வீரன் இனிகோ மொன்டோயா தகப்பனைக் கொன்றவனுக்கு முன்னால் போய் நிற்கும்போது சிரிப்பு அப்படியே அடங்கிப்போகும். அதுவரை விளையாட்டாகச் சொல்லிவந்த ஒரு வசனம் ('என் பெயர் இனிகோ மொன்டோயா. நீ என் தகப்பனைக் கொன்றாய். சாகத் தயாராகு') அந்த இடத்தில் வாளாக மாறும். இதைச் செய்த வேறு நகைச்சுவைப் படத்தை எனக்குக் காட்டுங்கள்.

விசயத்துக்கு வருகிறேன். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களுமாக 80, 100 பேர். திறந்தவெளி, பாயில் இருந்து பார்ப்பது. ஆங்கிலம் பலருக்கு ஓடாது. கீழே தமிழ் எழுத்துப் போடுவது நல்லதா, ஒருவர் ஒலிவாங்கியில் தமிழில் சொல்லிக்கொண்டு போவது நல்லதா? திரை, காற்று, சத்தம் பற்றியும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வரிவாணி

எழுத்துத்தான். காரணம், இந்தப் படத்தின் சிரிப்பு நடிகரின் மூச்சில் இருக்கிறது. மேலே இன்னொரு குரல் ஏறினால் அது போய்விடும்.

ஆனால் எழுத்தை ஒழுங்காகச் செய்யவேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு நான்கு, ஐந்து சொல். எவ்வளவு சின்ன வசனமென்றாலும் ஒன்றரைச் செக்கனுக்குக் குறையக்கூடாது. பிள்ளைகள் வாசிப்பதென்றால் இரண்டு முழு வரிக்கு ஐந்து செக்கனாவது வேண்டும். வரியை நினைத்த இடத்தில் உடைக்கவேண்டாம். பெயரும் வேற்றுமை உருபும் ஒரே வரியில் நிற்கட்டும், வினைமுற்று தனியே கீழே விழக்கூடாது.

மிக முக்கியமானது: சிரிப்பு வரவேண்டிய விடை எப்போதும் தனி வரியாக, நடிகர் வாய் திறக்கும் அதே கணத்தில் வரவேண்டும். அரைச் செக்கன் முந்தினாலும் சனம் வாசித்துச் சிரித்துவிடும், பிறகு நடிகர் சொல்வது வெறும் சத்தம். கடத்தல்காரன் விசினி இரண்டு கிண்ணங்களை வைத்துக்கொண்டு எதில் நஞ்சு என்று தருக்கம் பேசும் இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். அவர் பேசும் வேகத்துக்கு முழு வசனத்தையும் போட்டால் பிள்ளைகளின் கண் கீழேயே ஒட்டிக்கொள்ளும், கிண்ணம் மாறும் கை தெரியாது. அந்தப் பேச்சில் பாதியை வெட்டுங்கள். வாதத்தின் படிகள் மட்டும் போதும்: இந்தக் கிண்ணம் இல்லை, ஏன், அப்படியென்றால் அந்தக் கிண்ணமும் இல்லை, ஏன்.

கலியாணக் காட்சியில் பீற்றர் குக் நடித்த மதகுருவுக்குச் சில எழுத்து வாயில் வராது. முதல் இரண்டு வரியை மட்டும் அவர் உச்சரிக்கிற மாதிரிக் குழப்பி எழுதிவிட்டு, மிச்சத்தை நல்ல தமிழில் விடுங்கள். குரலே மற்றதைச் சொல்லும். இனிகோவின் அந்த வசனம் படத்தில் எத்தனை தரம் வந்தாலும் ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது. கடைசிச் சண்டையில் அதே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அவன் எழும்பி வருகிறான்.

சல்லிக்கடல்

வரிவாணி அக்கா சொல்லுற எழுத்து முறை சரி. ஆனா முடிவோட நான் ஒத்துப்போகமாட்டன். இந்தப் படமே ஒராள் வாசிக்க இன்னொராள் கேக்கிறதுதானே? பேரன் காய்ச்சலா படுத்திருக்கிறான், வீடியோ கேம் விளையாடுறான், தாத்தா வந்து புத்தகம் வாசிக்கிறார். பீற்றர் ஃபோக் தாத்தா, ஃபிரெட் சவேஜ் பேரன். பண்ணைக் காட்சியில படத்துக்கு மேலால ஓடுறதும் தாத்தாவின்ர குரல்தான். வாசிக்கிற குரலைப் பற்றின படத்தை எழுத்தாக்கி ஊமையாக்கலாமோ?

விலாங்கு மீன் காட்சியைப் பாருங்கோ. கதாநாயகி பட்டர்கப் கடலுக்குள்ள குதிச்சிட்டாள், விலாங்கு வாயைப் பிளந்துகொண்டு வருது. சரியா அந்த இடத்தில தாத்தா வாசிப்பை நிப்பாட்டி, அவளை இப்ப விலாங்கு தின்னாது எண்டு பேரனுக்குச் சொல்லுவார். பிறகு ஏற்கெனவே வாசிச்ச இடத்தில இருந்து திரும்பத் தொடங்குவார். அது முடிஞ்சுபோச்சு தாத்தா எண்டு பெடியன் திருத்துவான். அறை, கடல், முன்னம் கேட்ட வசனம், திரும்ப அறை எண்டு படம் மாறிக்கொண்டிருக்கும். இதைக் கீழ எழுத்தில போட்டா ஆர் ஆருக்குச் சொல்லுறார் எண்டு எட்டு வயசுப் பிள்ளைக்குப் பிடிபடாது, டிஸ்க் சிக்கிப்போச்சு எண்டுதான் நினைக்கும். அதே இடத்தில பக்கத்தில இருந்து ஒரு வயசான குரல் தமிழில சொல்லிச்செண்டா ஒரு விளக்கமும் தேவையில்லை.

உப்புவெளி ஒலி

ரெண்டு பேரும் சொல்லுறதில நியாயம் இருக்கு. ஒலிப் பக்கத்தால பார்த்தா முழுப் படத்துக்கும் குரல் கொடுக்கிறது சரிவராது. ஏனெண்டா டிஸ்கில வசனம், இசை, வாள்ச் சத்தம் எல்லாம் ஒண்டாக் கலந்துதான் வரும். குரல் விளங்க வேணுமெண்டு படத்தை இறக்கினா மார்க் நொஃப்ளரின்ர இசையும் சேர்ந்து இறங்கும். 98 நிமிசமும் ஏத்தி இறக்கிக்கொண்டு இருக்கேலாது.

இப்பிடிச் செய்யலாம். தாத்தா பேரன் வாற இடங்களுக்கும் தாத்தாவின்ர குரல் மேலால ஓடுற இடங்களுக்கும் மட்டும் நேரடிக் குரல், ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும். கதைக்குள்ள போனா எழுத்து. அந்த அறைக் காட்சியளில இசை குறைவு, படத்தின்ர சத்தத்தை ஒரு பத்து டெசிபல் இறக்கினாலும் ஒண்டும் கெடாது. அதுக்கு நாலு வழி உள்ள சின்ன மிக்சர் காணும். ரெண்டு வழியில லப்டொப், ரெண்டு வழியில மைக். இறக்கிறதை வசனத்துக்கு ஒரு செக்கன் முன்னமே மெல்லத் தொடங்க வேணும், வெட்டினமாதிரி இறக்கினா ஏதோ பழுது எண்டு சனம் திரும்பிப் பாக்கும்.

வாசிக்கிற ரெண்டு பேரும் ஸ்பீக்கருக்குப் பின்பக்கமா இருக்கோணும். முன்னால இருந்தா மைக் கூவும். வாயில இருந்து நாலு விரல் தூரம். தாளுக்கு மேல சின்ன மஞ்சள் விளக்கு, திரைப்பக்கம் வெளிச்சம் போகாமல் அட்டையால மறைச்சு. தாளைத் தனித்தனி ஒற்றையா மட்டையில ஒட்டி வையுங்கோ. காத்துக்குப் பறக்கவும் மாட்டுது, புரட்டிற சத்தம் மைக்கில விழவும் மாட்டுது.

வரிவாணி

இது எனக்குச் சம்மதம். அறைக்கு ஒரு குரல், கதைக்கு ஒரு எழுத்து என்றால் இரண்டு உலகமும் தானாகவே பிரிந்துவிடும். நேரடிக் குரல் வரும் இடங்களில் எழுத்தை முற்றாக எடுத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்து வந்தால் சனம் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும்.

தொழில்நுட்பத்தில் இரண்டு பொறி இருக்கிறது. பென்டிரைவில் போட்டு ரீவிப் பெட்டியில் ஓட்டினால் பல பெட்டிகளில் தமிழ் சதுரம் சதுரமாகவே வரும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகும். பெட்டிக்குள் தமிழ் எழுத்துருவோ எழுத்தைச் சேர்க்கும் மென்பொருளோ இல்லாததுதான் காரணம், உங்கள் கோப்பில் பிழை இல்லை. எனவே லப்டொப்பில் விஎல்சி பிளேயர் புதிய பதிப்பு, எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், கோப்பு யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தது. வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு. மஞ்சள் வேண்டாம், பண்ணை, காடு இரண்டிலும் மங்கிப்போகும்.

இரண்டாவது வேகம். ப்ளூரேயில் படம் செக்கனுக்கு 24 சட்டம் (ஃபிரேம்), 98 நிமிடம். பால் (PAL) முறை டிவிடியில் 25 சட்டம், அதே படம் 94 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்றுக்குச் செய்த எழுத்தை மற்றதில் போட்டால் தொடக்கத்தில் சரியாக இருப்பதுபோலத் தெரியும், பத்தாவது நிமிடத்தில் 24 செக்கன் விலகியிருக்கும், கடைசியில் நாலு நிமிடம். முன்னே பின்னே தள்ளிப் பார்த்துத் திருத்த முடியாது. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் சட்ட வேகத்தை மாற்றும் கட்டளை இருக்கிறது, அதைக் கொடுத்தபிறகு படத்தின் முதல் வசனத்திலும் கடைசி வசனத்திலும் சரிபாருங்கள். நடுவில் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

எந்தத் தமிழ் என்றும் யோசிக்கவேண்டும். கதாநாயகன் வெஸ்ட்லிக்கும் இனிகோவுக்கும் நேரான எழுத்துத் தமிழ். வைத்தியக் கிழவன் மெக்சுக்கும் மனைவி வலரிக்கும் நம் ஊர்ப் பேச்சுத்தான் பொருந்தும். அதில் மெக்சாக நடித்த பில்லி கிரிஸ்ரல் தன்பாட்டில் அடித்துவிட்ட வசனங்கள் நிறைய. சிரிப்பை அடக்கி அடக்கியே இனிகோவாக நடித்த மண்டி பற்றின்கின் விலா எலும்பு கன்றிப்போனதாம். அந்தச் சண்டை புருசன் பெண்சாதிச் சண்டை, அதைச் செந்தமிழில் போட்டால் செத்துப்போகும்.

களரி

வாள்ச் சண்டையைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவது அதைத்தான்.

மலையுச்சியில் இனிகோவும் முகமூடிக்காரனும் மோதும் அந்தச் சண்டைக்கு முகமூடிக்காரனாக நடித்த கேரி எல்விஸும் பற்றின்கினும் மாதக்கணக்கில் பழகினார்கள். பழக்கியவர்கள் பொப் அண்டர்சன், பீற்றர் டயமண்ட். அண்டர்சன் 1952 ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்காக வாள் வீசியவர். அந்தரத்தில் சுழன்று குதிக்கும் இடங்களைத் தவிர மற்றதெல்லாம் நடிகர்களே செய்தது. அதனால்தான் படப்பிடிப்பாளர் ஏட்ரியன் பிடிலால் கமராவைத் தள்ளி வைத்துக் காலடியிலிருந்து வாள் நுனிவரை காட்ட முடிந்தது. ஆள் மாறாட்டம் செய்யும் படங்களில் கையை மட்டும், முகத்தை மட்டும் துண்டு துண்டாகக் காட்டுவார்கள். இதில் அது தேவைப்படவில்லை.

கால்களைக் கவனியுங்கள். இனிகோ முதலில் பாதி மனதோடு நடக்கிறான், வட்டமாகச் சுற்றுகிறான். இருவரும் இடது கையில் தொடங்குகிறார்கள். இனிகோ தோற்கும் நிலை வரும்போது வாளை வலதுக்கு மாற்றி முகமூடிக்காரனை மதிலோரம் தள்ளுகிறான், பிறகு அவனும் மாற்றுகிறான். கை மாறும் ஒவ்வொரு தரமும் சண்டை போகும் திசை மாறும். எங்கள் வடமோடிக் கூத்தில் தாளக்கட்டு மாறினால் ஆட்டம் மாறுவதுபோல, யார் கை ஓங்குகிறது என்பதை வசனம் சொல்லத் தேவையில்லை. சண்டைக்கு நடுவே அவர்கள் சொல்லும் பெயர்கள் உண்மையான வாள் ஆசான்களுடையவை. அக்ரிப்பாவின் நூல் 1553, கப்போ ஃபெர்ரோவின் நூல் 1610. வரிவாணி, அந்தப் பெயர்களைத் திரையில் விளக்கவேண்டாம். பெயரை மட்டும் போடுங்கள், கண் காலில் இருக்கட்டும்.

வரிவாணி

சரி அண்ணை. அந்தச் சண்டை முழுவதற்கும் ஒரே வரி எழுத்துத்தான், இரண்டாவது வரி வராது.

குளக்கோட்டன்

முடிவு கிடைத்துவிட்டது, நன்றி. இனித் திரை. உப்புவெளி அண்ணை, 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் நல்லது?

உப்புவெளி ஒலி

மார்ச், ஏப்ரல். வாடைக்காத்தும் ஓய்ஞ்சிருக்கும், கச்சான் காத்தும் தொடங்கியிராது. பின்னேர இடிமழைக்கு மட்டும் வானத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ. ஆறேகால் அளவில பொழுது படும், ஆறு அம்பதுக்குத் தொடங்கினா எட்டரைக்கு முடியும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேணும், இரவு பத்துக்குப் பிறகு அது இல்லை, அதுக்கும் கனக்க முன்னம் முடிஞ்சிடும். படத்தைப் பொதுவில காட்டுறதுக்கு உரிமைக்காரரிட்டயும் அனுமதி வேணும், கடையில வாங்கின டிஸ்க் வீட்டில பாக்கத்தான். அதை முதல் வேலையாச் செய்யுங்கோ, கடிதத்துக்கு மறுமொழி வரச் சுணங்கும்.

ஜூன், ஜூலையில செய்யிறதெண்டா கச்சானை மதிக்க வேணும். 10 அடி அகலம், அஞ்சரை அடி உயரம் எண்டா அஞ்சு சதுர மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் காத்து நேரா அடிச்சா கிட்டத்தட்ட 35 கிலோ பாரம் தள்ளுறமாதிரி. 50 கிலோமீற்றர் எண்டா 70 கிலோவைத் தாண்டும். காத்து இரட்டிச்சா பலம் நாலு மடங்கு. திரையில ஓட்டை வெட்டினா காத்துப் போயிடும் எண்டு சொல்லுவினம், அதால பெரிய பலன் இல்லை, படத்திலதான் ஓட்டை தெரியும்.

துணியை விட பனர் அடிக்கிற ஃபிளெக்ஸின்ர வெள்ளைப் பின்பக்கம் நல்லம், மினுக்கம் இல்லாததாப் பாத்து எடுங்கோ. சுத்திவர ஒவ்வொரு அடிக்கும் ஒரு வளையம். கயிறால இறுக்கிக் கட்டினா வளையம் கிழிஞ்சு வரும், பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அதால கட்டுங்கோ, காத்துக்கு இழுபட்டுத் திரும்ப வரும். சட்டம் ஒண்டரை அங்குல ஜீஐ பைப். முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு இழுகயிறு, நிலத்தோட 45 பாகையில. மணலில சின்ன முளை நிக்காது, மண் நிரப்பின உரப்பையை மூண்டடி தாட்டு அதில கட்டுங்கோ. திரையின்ர கீழ் விளிம்பு நாலரை அடிக்குக் குறையாமல் இருக்கோணும். குறைஞ்சா முன்னால இருக்கிற தலையள் எழுத்தை மறைக்கும், பிறகு வரிவாணியின்ர வேலை முழுக்க வீண்.

புரொஜெக்டர் வெளிச்சம் மூவாயிரம் அன்சி (ANSI) லுமென். பெட்டியில வெறும் லுமென் எண்டு பெரிய இலக்கம் போட்டிருக்கிறதை நம்பவேண்டாம், அன்சி எண்டு இருக்கோணும். தெருவிளக்கு இல்லாத இடமெண்டா ஆயிரமும் காணும். தூர விகிதம் (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் எண்டது) ஒண்டரை எண்டா 10 அடித் திரைக்கு 15 அடியில வைக்கலாம். ஏசி அறையில இருந்து கொண்டுவந்து உடனே போட்டா கண்ணாடியில பனிக்கும், கடற்காத்தில ஈரம் கூட. அரை மணித்தியாலம் முன்னமே வெளியில வையுங்கோ, துடைச்சா திரும்பவும் பனிக்கும். முடிஞ்சாப்போல பிளக்கைப் பிடுங்கவேண்டாம், விசிறி நிக்கும்வரை விடுங்கோ, இல்லாட்டி பல்ப் போயிடும்.

எல்லாம் சேத்து ஆயிரம் வாட்டுக்குள்ள முடியும். ஒரே இடத்தில இருந்து மின்சாரம் எடுங்கோ. புரொஜெக்டர் ஒரு பக்கம், ஸ்பீக்கர் இன்னொரு பக்கம் எடுத்தா கடைசிவரைக்கும் 'ம்ம்ம்' எண்டு இரையும். சுத்திவைச்ச வயரை முழுக்க விரிச்சுவிடுங்கோ, சுத்தினபடி விட்டா உள்ளுக்குள்ள சூடேறி உருகும். கோட்டைப் பக்கம் எண்டா மான் வரும், மறந்துபோகாதேங்கோ. தாளைத் தின்னும், இருட்டில வயரில கால் மாட்டி இழுத்துக்கொண்டும் போகும். வயருக்கு மேல மண் போடுங்கோ, வசனத் தாளைக் கீழ வைக்காதேங்கோ.

சல்லிக்கடல்

கடலுக்குக் கிட்ட வைச்சா அலைச் சத்தம் இடைஞ்சல் இல்லையோ? மலையேறுற காட்சியில கடல் தெரிய, உண்மையாவே கடல் இரைஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

உப்புவெளி ஒலி

அந்தக் காட்சிக்கு நல்லம், மற்ற எல்லாத்துக்கும் கேடு. இராட்சதன் ஃபெசிக் கதைக்கிறதே மெல்லிய அடித்தொண்டையில. கரையில இருந்து நூறு மீற்றர் உள்ளுக்குப் போங்கோ, ஸ்பீக்கரை ஆறடி ஸ்ராண்டில ஏத்துங்கோ. கீழ வைச்சா முன்வரிசைக்குக் காது அடைக்கும், பின்வரிசைக்குக் கேளாது.

குளக்கோட்டன்

ஃபெசிக் என்றதும் சொல்லவேண்டும், அவனாக நடித்த ஆந்த்ரே த ஜயண்டுக்கு அப்போது முதுகில் கடும் வருத்தம், பாரம் தூக்க ஏலாது. பட்டர்கப் சாளரத்திலிருந்து அவர் கையில் விழும் இடத்தில் பட்டர்கப்பாக நடித்த ரொபின் ரைற்றைக் கம்பியில்தான் இறக்கினார்கள். தெரிந்துகொண்டு பார்த்தாலும் அந்தக் கை ஏந்துவதில் ஒரு பொய் தெரியாது. அந்த மனிதரின் கனிவு அப்படி.

களரி அண்ணை, பிள்ளைகள் படம் முடிந்ததும் தடியைத் தூக்கப்போகிறார்கள். அதைத் தடுக்காமல் ஒழுங்குபடுத்த வழி உண்டா?

களரி

உண்டு. தடி வேண்டாம். பத்திரிகைத் தாள் பத்தை விரித்து, மூலையிலிருந்து மூலைக்குச் சுருட்டி, மாஸ்கிங் ரேப் சுற்றுங்கள். மூன்றடி நீள வாள் வரும். நடுவில் துளையிட்ட ஆறங்குல அட்டை வட்டம் கைப்பிடிக் காப்பு. நுனியை மடித்து ஒட்டுங்கள், கூராக விடக்கூடாது.

இருவரும் கையை நீட்டி வாளை நீட்டினால் நுனி மற்றவர் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கவேண்டும். அதுதான் தூரம், அதைவிடக் கிட்டப் போனால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் நிறுத்திவிடுவார். வெட்டு ஐந்து இடத்துக்கு மட்டும்: இடது தோள், வலது தோள், இடது தொடை, வலது தொடை, தலைக்கு மேல். முகத்துக்குக் குத்து இல்லவே இல்லை. வெட்டு உடம்பைத் தேடிப் போகக்கூடாது, உடம்புக்கு ஒரு சாண் வெளியே விழவேண்டும். தடுப்பவர் முதலில் அசையவேண்டும், அதைக் கண்டபிறகே வெட்டுபவர் வீசவேண்டும். பிள்ளைகள் எல்லோரும் வாளைப் பார்ப்பார்கள், அதனால்தான் விரலில் அடி விழுகிறது. எதிராளியின் கண்ணைப் பார்க்கப் பழக்குங்கள். எட்டு எண்ணிக்கை, ஒரு எண்ணிக்கைக்கு ஒரு வெட்டு, நடை வேகத்தில். வாய்விட்டு எண்ணிக்கொண்டு செய்தால் வேகம் தானாகக் கட்டுப்படும். ஒரு நேரத்தில் ஒரு சோடி மட்டும், மற்றவர்கள் கூத்தாடும் வட்டக்களரி மாதிரிச் சுற்றிவர இருந்து எண்ணிச் சொல்லட்டும்.

சல்லிக்கடல்

படத்துக்கு முன்னம் செய்விக்கிறதோ, பிறகோ? முன்னம் பழகினா சண்டை வரேக்க கால், கை எல்லாம் கவனிப்பினம். ஆனா கை மாத்திற இடம் தெரிஞ்சுபோயிடும்.

களரி

பிரித்துச் செய்யுங்கள். பின்னேரம் ஐந்தரைக்கு ஐந்து வெட்டும் ஐந்து தடுப்பும், எல்லோரும் இடது கையால். ஏன் இடது என்று கேட்பார்கள், சொல்லவேண்டாம். படம் முடிந்தபிறகு கை மாற்றுவது. மாற்றும்போது இருவரும் இரண்டடி பின்வாங்கவேண்டும், வாள் நுனி நிலத்தைப் பார்க்கவேண்டும், இடுப்பு உயரத்தில் மாற்றிப் பிடித்து, எதிராளி தலையசைத்த பிறகே அடுத்த வெட்டு. ஒரு சோடிக்கு இரண்டு நிமிடம் போதும். ஸ்பீக்கர் நிற்கும் பக்கம் களரி போடவேண்டாம், ஸ்ராண்டின் காலில் தடக்குவார்கள்.